மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு எந்தச் சாலை? குன்னூர் வழியும் கோத்தகிரி வழியும்: ஓர் ஒப்பீடு

மேட்டுப்பாளையத்தில் பவானி ஆற்றுப் பாலத்தைக் கடந்ததும் மலைக்குச் செல்லும் சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கல்லாறு, பர்லியாறு, குன்னூர் வழியாக ஊட்டியை அடைகிறது. அது இன்றைய தேசிய நெடுஞ்சாலை 181. மற்றொன்று குஞ்சப்பனை, அரவேணு, கோத்தகிரி, கட்டபெட்டு வழியாக அதே ஊட்டிக்குச் செல்கிறது. அது ஈரோட்டில் தொடங்கி ஊட்டியில் முடியும் மாநில நெடுஞ்சாலை 15-இன் மலைப்பகுதி. சொந்த வண்டியில் வருபவர்களும், வயதான பெற்றோரை அழைத்து வருபவர்களும், முதன்முறை மலைச்சாலையில் ஓட்டுபவர்களும் கேட்பது ஒரே கேள்விதான்: எதில் ஏறுவது, எதில் இறங்குவது? பெரும்பாலும் கிடைக்கும் விடை, "குன்னூர் வழிதான் பக்கம், அதில் போய்விடுங்கள்" என்பது. தொலைவை மட்டும் பார்த்தால் அது சரி. ஆனால் மலைச்சாலையைத் தேர்ந்தெடுக்கத் தொலைவு மட்டும் போதாது என்பதே என் உறுதியான கருத்து.

## எதை வைத்து முடிவு செய்வது?

முதலில் பார்க்க வேண்டியது ஏற்றத்தின் தன்மை. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 320 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் 1,850 மீட்டர் அளவிலும், கோத்தகிரி 1,800 மீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும் இருக்கின்றன. இரண்டு வழிகளிலும் முதல் 33, 34 கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ 1,500 மீட்டர் ஏறியாக வேண்டும். இந்த ஏற்றத்தை ஒரு சாலை எத்தனை வளைவுகளில், எவ்வளவு அகலத்தில் கடக்கிறது என்பதே ஓட்டுநரின் களைப்பையும் பயணியின் தலைசுற்றலையும் முடிவு செய்கிறது.

இரண்டாவது, போக்குவரத்து நெரிசல். மூன்றாவது, மழைக்காலத்தில் சாலை தாக்குப்பிடிக்கும் திறன். நான்காவது, வனவிலங்கு நடமாட்டம். ஐந்தாவது, நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள், ஊட்டியைத் தவிர வழியில் எதைப் பார்க்க விரும்புகிறீர்கள் என்பது. நேரமும் எரிபொருளும் இவற்றுக்குப் பின்னரே வர வேண்டியவை; ஏனெனில் இரண்டு வழிகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஏறத்தாழ 12 கிலோமீட்டர்தான்.

## முதலில் போடப்பட்ட சாலை ஏன் இரண்டாம் சாலை ஆனது?

நீலகிரிக்கு முதலில் போடப்பட்டது குன்னூர் சாலை அன்று, கோத்தகிரிச் சாலையே. அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால் இன்றைய தேர்வும் தெளிவாகும்.

திப்பு சுல்தான் 1799-இல் வீழ்ந்த பின் நீலகிரி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. 1818-இல் கோயம்புத்தூர் கலெக்டரின் உதவியாளர்களான விஷ், கிண்டர்ஸ்லி ஆகிய இருவரும் மலை ஏறிப் பார்த்துவிட்டு வந்து சொன்ன செய்தி, கலெக்டர் ஜான் சல்லிவனை 1819 ஜனவரியில் அங்கே அழைத்துச் சென்றது. அன்றைய பயணிகள் புறப்பட்ட இடங்களுள் ஒன்றான தணாயக்கன்கோட்டை இன்று பவானிசாகர் அணையின் நீருக்கடியில் கிடக்கிறது. அங்கிருந்து மேலே செல்ல இருந்தவை படுகர் ஊர்களுக்கும் சமவெளிச் சந்தைகளுக்கும் இடையே மக்கள் காலங்காலமாக நடந்து உண்டாக்கிய ஒற்றையடிப் பாதைகள்தான்.

சல்லிவன் கோத்தகிரிக்கு அருகிலுள்ள திம்பட்டியில் தங்கினார். அவர் தங்கிய கன்னேரிமுக்கு பங்களா இன்று நினைவில்லமாகப் பேணப்படுகிறது. சமவெளியில் சிறுமுகையிலிருந்து திம்பட்டி வரை ஒரு சாலை போடும் வேலை 1821-இல் தொடங்கி 1823-இல் முடிந்தது; மேற்பார்வையிட்டவர் மெக்ஃபர்சன் என்னும் இராணுவ அதிகாரி. அதாவது மாநில நெடுஞ்சாலை 15-இன் மலைப்பகுதிக்கு முன்னோடியான பாதைக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் வயதாகிறது.

ஆனால் அந்தச் சாலை முடிவதற்கு முன்பே சல்லிவனின் கவனம் ஊட்டிக்கு மாறிவிட்டது. 1822-இல் அவர் அங்கே தமது கல்வீட்டைக் கட்டத் தொடங்கினார். ஊட்டி வளர வளர, அதற்கு நேரான வழி வேண்டும் என்ற எண்ணமும் வளர்ந்தது. சென்னை ஆளுநர் லஷிங்டன் காலத்தில், 1830-க்கும் 1832-க்கும் இடையே, லெ ஹார்டி என்னும் அதிகாரி குன்னூர் மலைப்பாதையை அமைத்தார். அது செங்குத்தான பாதை; வண்டிகளுக்கு உகந்த சீரான ஏற்றத்துடன் புதிய சாலை 1870களில்தான் வந்தது. குன்னூருக்குக் கீழே உள்ள லாஸ் அருவி, அந்தப் புதிய சாலையின் கட்டுமானத்தை மேற்பார்வையிட்ட லா என்னும் அதிகாரியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கோத்தகிரிப் பாதையும் அதே பத்தாண்டில் சீரமைக்கப்பட்டது என்றாலும், அதற்குள் போட்டி முடிந்துவிட்டது. 1850களில் வெலிங்டனில் படைவீரர் குடியிருப்பு வந்தது. 1873-இல் இரயில் மேட்டுப்பாளையத்தை எட்டியது. 1899-இல் மலை இரயில்பாதை குன்னூர் வரையும், 1908-இல் ஊட்டி வரையும் நீண்டது. 1900களின் தொடக்கத்தில் அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை வந்தது. படை, தொழிற்சாலை, இரயில் ஆகிய மூன்றும் குன்னூர்ப் பக்கம் சேர்ந்துவிட்டன.

குன்னூர் சாலை முதன்மைச் சாலை ஆனதற்குக் காரணம் அது ஏறுவதற்கு எளிதானது என்பதன்று. அரசாங்கத்துக்குத் தேவையானவை அந்தப் பக்கம் இருந்தன என்பதே. குடும்பத்துடன் செல்பவருக்கு அந்தக் காரணங்களில் எதுவும் பொருந்தாது.

## குன்னூர் வழி: தேசிய நெடுஞ்சாலை 181

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறத்தாழ 34 கிலோமீட்டர். அங்கிருந்து ஊட்டி 18, 19 கிலோமீட்டர். ஆக 52 கிலோமீட்டருக்குச் சற்று மேல். நெரிசல் இல்லாத நாளில் இரண்டு மணி நேரத்துக்குள் சென்றுவிடலாம்.

இந்தச் சாலை குன்னூர் ஆற்றின் குறுகிய பள்ளத்தாக்கை ஒட்டி ஏறுகிறது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை எண்ணிடப்பட்ட 14 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் பள்ளம் என்ற நிலையில் பேருந்தும் லாரியும் எதிரே வரும்போது, வளைவில் வண்டியை நிறுத்தி மீண்டும் ஏற்றும் திறமை ஓட்டுநருக்கு வேண்டும். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது மலைச்சாலையின் அடிப்படை விதி. வெளியூரிலிருந்து வருபவர்கள் பலர் இதை அறியாமல் இறங்கும் வேகத்தில் வளைவை மறித்துவிடுகிறார்கள். அங்கேதான் நெரிசல் தொடங்குகிறது.

இந்த வழியின் சிறப்புகளும் குறைவானவை அல்ல. கல்லாறிலும் பர்லியாறிலும் உள்ள அரசுத் தோட்டக்கலைப் பண்ணைகளில் மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன் போன்ற மரங்கள் வளர்கின்றன. பருவத்தில் சாலையோரக் கடைகளில் மங்குஸ்தான் கிடைக்கும். குன்னூரில் சிம்ஸ் பூங்காவும், அதைத் தாண்டி லேம்ப்ஸ் ராக், டால்பின் நோஸ் ஆகிய காட்சிமுனைகளும் இருக்கின்றன. குன்னூருக்கு மேல் வெலிங்டன், அருவங்காடு, எல்லநள்ளி வழியாகச் செல்லும்போது கேத்திப் பள்ளத்தாக்கு விரிந்து தெரியும். பேருந்தில் செல்பவர்களுக்கு இதுவே இயல்பான வழி. கோயம்புத்தூரிலிருந்தும் மேட்டுப்பாளையத்திலிருந்தும் ஊட்டிக்குப் பேருந்துகள் பெரும்பாலும் இவ்வழியேதான் செல்கின்றன. ஒரு பக்கப் பயணத்தை மலை இரயிலில் வைத்துக்கொள்ள விரும்புபவர்களுக்கும் இதுதான் பொருத்தம்.

கணக்கில் வராத செலவு நேரம்தான். குன்னூர் நகரத்தின் குறுகிய சந்திப்புகளும், வெலிங்டன் முதல் ஊட்டி வரையிலான தொடர்ச்சியான குடியிருப்புகளும் விடுமுறை நாளில் அந்த 12 கிலோமீட்டர் சேமிப்பை விழுங்கிவிடும்.

## கோத்தகிரி வழி: மாநில நெடுஞ்சாலை 15

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர் அளவு. அங்கிருந்து ஊட்டி ஏறத்தாழ 30 கிலோமீட்டர். மொத்தம் 64 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். நேரம் இரண்டு மணியிலிருந்து இரண்டேகால் மணி வரை ஆகும்.

கொண்டை ஊசி வளைவுகள் இங்கே குறைவு. சாலை பெரும்பாலும் மலைச்சரிவை அணைத்தபடி நீண்ட வளைவுகளாக ஏறுகிறது. வண்டியை இரண்டாம், மூன்றாம் கியரில் சீராக வைத்துக்கொண்டு செல்ல முடிகிறது. வாந்தி, தலைசுற்றல் வருபவர்களை அழைத்துச் செல்லும்போது இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். குஞ்சப்பனை வரை காடு. பின்னர் பலா மரங்களும் காப்பித் தோட்டங்களும், மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களும். அரவேணுவை நெருங்கும்போது தேயிலைத் தோட்டங்கள். பின்னால் திரும்பிப் பார்த்தால் பவானி ஓடும் சமவெளி கீழே விரிந்து கிடக்கும். இந்தக் காட்சிக்காகவே நான் இந்தச் சாலையை விரும்புகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இச்சாலையைச் சில இடங்களில் அகலப்படுத்தியிருக்கிறார்கள். அதற்காக வெட்டப்பட்ட சரிவுகளில் மண் சரியாமல் இருக்க, நெடுஞ்சாலைத் துறை ஒரு முறையைக் கையாண்டிருக்கிறது: சரிவுக்குள் நீண்ட இரும்புக் கம்பிகளைத் துளையிட்டுச் செலுத்தி, மேலே கம்பிவலையை இறுக்கி, அதன்மீது புல் விதையும் உரமும் கலந்த நீரைப் பீய்ச்சுகிறார்கள். கம்பி மண்ணைப் பிடிக்க, புல்லின் வேர் மேல்மண்ணைப் பிடிக்க வேண்டும். நின்று பார்த்தால் வலையின் கண்கள் வழியே புல் தலைநீட்டுவது தெரியும். வெறும் கான்கிரீட் சுவரைவிட இது நல்ல வழி என்றே நினைக்கிறேன். ஆனாலும் அகலப்படுத்துவதற்காக மலையை வெட்டுவதே குறைய வேண்டும் என்ற கவலையும் எனக்கு உண்டு.

மறைந்திருக்கும் இடர்கள் மூன்று.

முதலாவது யானை. பலாப்பழம் பழுக்கும் கோடைப் பருவத்தில் குஞ்சப்பனை, முள்ளூர், மாமரம் பகுதிகளுக்கு யானைகள் சமவெளிக் காடுகளிலிருந்து ஏறி வருவது வழக்கம். சாலையில் யானை நின்றால் தொலைவிலேயே வண்டியை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். ஒலிப்பானை அடிப்பதும், இறங்கிப் படம் எடுப்பதும் உயிருக்கே ஆபத்து. குன்னூர் சாலையிலும் கல்லாறு அருகே யானை வழித்தடம் குறுக்கிடுகிறது என்பதால் இந்த எச்சரிக்கை இரண்டுக்கும் பொது. ஆனால் பலாப் பருவத்தில் கோத்தகிரிச் சாலைக்கே கூடுதலாகப் பொருந்தும். இருட்டிய பின் இவ்வழியில் ஏறவோ இறங்கவோ வேண்டாம் என்பதே என் அறிவுரை.

இரண்டாவது மூடுபனி. கோத்தகிரியிலிருந்து ஊட்டிக்குச் செல்லும் சாலை, ஊட்டியைவிட உயரமான தொட்டபெட்டா சந்திப்பு வரை ஏறிவிட்டு, பிறகு நகருக்குள் இறங்குகிறது. பிற்பகலுக்குப் பின் அங்கே பனி சாலையை மறைத்துவிடும். சீசனில் தொட்டபெட்டா சிகரத்துக்குத் திரும்பும் வண்டிகளின் வரிசையும் அதே இடத்தில்தான் நிற்கும். "கோத்தகிரி வழியில் நெரிசலே இல்லை" என்று சொல்பவர்கள் இந்தச் சந்திப்பை மறந்துவிடுகிறார்கள்.

மூன்றாவது, இறக்கத்தில் வரும் ஏமாற்றம். வளைவுகள் குறைவு என்பதால் வண்டி தானாகவே வேகம் எடுக்கும். ஓட்டுநர் பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்குவார். சில கிலோமீட்டருக்குள் பிரேக் சூடேறிக் கருகிய வாடை வரும். எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்று மலை ஓட்டுநர்கள் சொல்வது இதற்காகத்தான். தானியங்கிக் கியர் வண்டியில் வருபவர்கள், தாழ்ந்த கியரில் நிறுத்தி வைக்கும் வசதி எங்கே இருக்கிறது என்பதை மேட்டுப்பாளையத்திலேயே பார்த்துத் தெரிந்துகொள்வது நல்லது. இறக்கத்தின் ஆபத்து குன்னூர் சாலைக்கும் உண்டு: 2023 செப்டம்பர் 30 அன்று ஊட்டியிலிருந்து திரும்பிய ஒரு சுற்றுலாப் பேருந்து குன்னூர் மரப்பாலம் அருகே பள்ளத்தில் கவிழ்ந்ததில் பலர் உயிரிழந்தனர்.

வழியில் பார்க்க வேண்டியவை: அரவேணுவிலிருந்து பிரிந்து சென்றால் கேத்தரின் அருவி, கோத்தகிரி நகரை ஒட்டி, சுற்றுப்புற ஊர்களுக்கு நீர் தரும் லாங்வுட் சோலை, கோத்தகிரியிலிருந்து ஏறத்தாழ 18 கிலோமீட்டரில் கோடநாடு காட்சிமுனை. கோடநாட்டில் நின்றால் மோயாறு பள்ளத்தாக்கும் பவானிசாகர் நீர்ப்பரப்பும் ஒரே பார்வையில் தெரியும். நேரம் இருப்பவர்கள் இதைத் தவறவிட வேண்டாம்.

## ஈரோடு, சேலம் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு

இவர்களுக்குக் கேள்வி மேட்டுப்பாளையத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. சேலம்–கோயம்புத்தூர் தேசிய நெடுஞ்சாலையில் அவிநாசி வரை வந்து, அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் செல்லலாம். அல்லது சித்தோட்டில் திரும்பி, கவுந்தப்பாடி, கோபிசெட்டிபாளையம், சத்தியமங்கலம், சிறுமுகை வழியாக மாநில நெடுஞ்சாலை 15-ஐயே பிடித்து வரலாம். முதல் வழி வேகமானது. ஆனால் சுங்கக் கட்டணம் உண்டு. இரண்டாம் வழி ஊர்களுக்குள் புகுந்து செல்வதால் வேகம் எடுக்க முடியாது. நெல் அறுவடைக் காலத்திலும் கரும்பு வெட்டும் காலத்திலும் டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்து செல்ல வேண்டியிருக்கும்.

கொங்கு நாட்டின் நீர்வளத்தைப் பார்க்க விரும்புபவருக்கு இரண்டாம் வழிக்கு ஈடில்லை. கவுந்தப்பாடியின் நாட்டுச்சர்க்கரை, கோபியின் வயல்கள், சத்தியமங்கலத்தின் மல்லிகைச் சந்தை, சிறுமுகையின் தறிகள் என ஒவ்வொரு ஊரும் தனக்கென ஒரு தொழிலை வைத்திருக்கிறது. விடியற்காலையில் புறப்பட்டால் இவ்வழி. நேரம் போதாதென்றால் அவிநாசி வழி.

## மஞ்சூர் வழியைப் பற்றி ஒரு சொல்

காரமடையிலிருந்து வெள்ளியங்காடு, முள்ளி, கெத்தை வழியாக மஞ்சூர் ஏறும் மூன்றாவது சாலையைப் பற்றியும் கேட்கிறார்கள். 43 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தச் சாலை குறுகலானது, அடர்காட்டுக்குள் செல்வது, வனத்துறை அங்கே சுற்றுலா வண்டிகளுக்கு அவ்வப்போது கட்டுப்பாடு விதிக்கிறது. மஞ்சூரில் வேலை இருப்பவர்களுக்கான சாலை அது. முதன்முறை வருபவர்கள் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | குன்னூர் வழி | கோத்தகிரி வழி |
|---|---|---|
| தொலைவு (மேட்டுப்பாளையம்–ஊட்டி) | சுமார் 52 கி.மீ. | சுமார் 64 கி.மீ. |
| கொண்டை ஊசி வளைவுகள் | 14; நெருக்கமானவை | குறைவு; நீண்ட வளைவுகள் |
| நெரிசல் | குன்னூர் நகரம் முதல் ஊட்டி வரை | தொட்டபெட்டா சந்திப்பு |
| பேருந்து, இரயில் வசதி | மிகுதி | பேருந்து மட்டும், குறைவு |
| யானை நடமாட்டம் | கல்லாறு அருகே | குஞ்சப்பனை முதல் மாமரம் வரை. பலாப் பருவத்தில் மிகுதி |
| யாருக்கு ஏற்றது | பேருந்துப் பயணி, இரயில் விரும்பி, குன்னூரில் தங்குபவர் | சொந்த வண்டி, முதியோர், புதிய ஓட்டுநர், ஈரோட்டிலிருந்து வருபவர் |

## சீசனும் மழையும்

கோடை சீசனில் உங்கள் விருப்பத்துக்கு இடமில்லாமல் போகலாம். ஏப்ரல், மே மாதங்களில் காவல்துறை ஒருவழிப் போக்குவரத்தை அறிவிக்கும்போது, குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும் என்பதே வழக்கமான ஏற்பாடு. அந்த நாட்களில் கோத்தகிரியில் அறை எடுத்திருப்பவர்கள், ஏறும்போது எவ்வழியில் அனுமதி என்பதை முன்கூட்டியே விடுதியில் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த ஏற்பாட்டில் எல்லா வண்டிகளும் கோத்தகிரி இறக்கத்துக்கே வந்து சேர்வதால், மேலே சொன்ன கியர் எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்துகிறது.

எந்தச் சாலையில் சென்றாலும் இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் இது நடைமுறைக்கு வந்தது. 2025-இல் ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்ற உச்சவரம்பும் விதிக்கப்பட்டது. அரசுப் பேருந்தில் செல்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்கும், சிறிய தண்ணீர் பாட்டில்களுக்கும் மாவட்டம் முழுவதும் தடை இருக்கிறது. சோதனைச்சாவடியில் வண்டியைப் பார்ப்பார்கள். எஃகு பாட்டிலில் தண்ணீர் எடுத்துச் சென்றால் அபராதமும் மிச்சம், மலையும் மிச்சம்.

மழை என்று வரும்போது இரண்டு சாலைகளும் ஒரே நிலையில்தான் இருக்கின்றன. நீலகிரியின் மேற்குப் பகுதியைத் தென்மேற்குப் பருவமழை நனைக்கிறது. குன்னூரும் கோத்தகிரியும் அமைந்த கிழக்குச் சரிவுகளை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை தாக்குகிறது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது; அதனால் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்; குன்னூர், கோத்தகிரிச் சாலைகள் இரண்டும் துண்டிக்கப்பட்டன. எனவே நவம்பரில் கனமழை எச்சரிக்கை இருக்கும் நாளில் எந்தச் சாலை மேல் என்று ஒப்பிடுவதில் பொருளில்லை. பயணத்தைத் தள்ளிப்போடுவதே சரி.

சாதாரண மழையில் ஒரு சாலையில் மட்டும் மரம் விழுந்தோ மண் சரிந்தோ போக்குவரத்து நின்றால் ஒரு வழி இருக்கிறது. கோத்தகிரிக்கும் ஊட்டிக்கும் இடையே உள்ள கட்டபெட்டிலிருந்து வண்டிச்சோலை வழியாகக் குன்னூருக்கு ஓர் இணைப்புச் சாலை செல்கிறது. மேலே இருப்பவர்கள் இறங்கும் நாளில் காலையிலேயே இரண்டு சாலைகளின் நிலையையும் விசாரித்துவிட்டு, கட்டபெட்டு வந்தபின் எந்தப் பக்கம் திரும்புவது என்பதை முடிவு செய்துகொள்ளலாம்.